காண்ட்ராக்ட் மேனேஜரின் பயன்பாடு: நெய்வேலி நகரிய நோக்கில் ஓர் ஆய்வு

தொடர்ந்து தோற்கும் கால்பந்துக் கிளப், பருவத்தின் நடுவே ஒரு தற்காலிக மேனேஜரைக் கூட்டிவரலாமா என்பது உலக அறிஞர்களால் முடிவு காணப்படாத வினா. அவர்களில் எவரும் நெய்வேலிக்கு வந்து டீ குடிக்காததே இதற்குக் காரணம் என இவ்வாய்வு கருதுகிறது.

நெய்வேலியில் ஓர் ஆளைப் பற்றி எழும் முதல் கேள்வி "பெர்மனென்ட்டா, காண்ட்ராக்டா?" என்பதுதான். மாப்பிள்ளை பார்க்கும்போதும் இதே கேள்வி. கடன் கேட்டால் கடைக்காரர் கேட்பதும் இதையே. ஒரே சுரங்கம், ஒரே ஷிப்ட், மூக்கில் ஏறும் தூசியும் ஒன்றே. சம்பளச் சீட்டு மட்டும் வேறு. பணி நிரந்தரம் கேட்டு நடந்த வேலைநிறுத்தங்களை இவ்வூர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறது. தற்காலிகப் பணியாளர் என்ற பொருளில் கருத்துச் சொல்ல இதைவிடத் தகுதியான ஊர் இருக்குமா?

களப்பணி மெயின் பஜார் பக்கம் ஒரு டீக்கடையில், நைட் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வரும் நேரத்தில் மேற்கொள்ளப்பட்டது. மாதிரி அளவு: பெஞ்சில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேர்.

முதலில் பேசியவர் நிலத்தடி நீர்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். "கரிக்கு அடியில தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது தம்பி. முதல்ல அதை இறைக்கணும். அப்புறந்தான் கரி." அவர் சொன்னது புவியியல் உண்மை. 1957 மே மாதம் நேரு தொடங்கிவைத்த சுரங்கத்தில் 1961 ஆகஸ்டில்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடியிலிருந்து அழுத்தும் நீரை இன்றைக்கும் இரவு பகலாக இறைத்துக்கொண்டுதான் வெட்டுகிறார்கள். ஆகவே, முதலில் கோல் வாங்குவதை நிறுத்து, ஆட்ட அழகைப் பிறகு பார்க்கலாம் என்பது பம்ப்புக் கோட்பாடு. இதன் உலகப் பிரதிநிதி இங்கிலாந்தின் சாம் அலர்டைஸ். 2016இல் சண்டர்லாந்தையும் 2017இல் கிரிஸ்டல் பேலஸையும் கரையேற்றினார். 2023 மே மாதம் லீட்ஸ் அவரை அழைத்தபோது மிச்சம் இருந்தவை நான்கு ஆட்டங்கள். ஒரே ஒரு புள்ளி கிடைத்தது. லீட்ஸ் கீழ்நிலைக்குப் போனது. பம்ப் போட்டாலும் நேரத்தில் போட வேண்டும்.

ஆனால் நம் மாநிலச் சான்று பம்ப்புக் கோட்பாட்டுக்கு அடங்கவில்லை. 2018இல் இந்தியன் சூப்பர் லீக்கில் (ஐஎஸ்எல்) சென்னையின் எஃப்சிக்குக் கோப்பை வாங்கித் தந்த மேனேஜர் ஜான் கிரெகரி, அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளுடன் கடைசி இடத்துக்கு வந்தார். அதன் பிறகும் அவரே நீடித்தார். பெர்மனென்ட் ஆனவருக்கு இவ்வூரில் கிடைக்கும் அதே மரியாதை. 2019–20இல் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னை ஒரு கோல்கூடப் போடவில்லை. ஐந்தாவதில், ஹைதராபாத்துக்கு எதிராக, இரு அணிக்கும் சேர்த்து மூன்று கோல்கள் விழுந்தன. மூன்றும் 90 நிமிடம் கடந்த பிறகே. பொறுமையிழந்து முன்னதாகவே எழுந்து போனவர்களின் மனநிலை தனி ஆய்வுக்குரியது. ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி, கிரெகரி விடைபெற்றார்.

டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார். இந்த அணியின் நோய் கோல் வாங்குவது மட்டுமன்று, கோல் போடாததும்தான் என்று கண்டு, முன்னேறி ஆடச் சொன்னார். எஞ்சிய 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள், நான்காம் இடம், அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 6–5 என்று வீழ்த்தி இறுதிப் போட்டி. கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் ஏடிகேயிடம் 3–1 என்று தோற்றது வேறு கதை. பருவம் முடிந்ததும் காய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், 15 கோல் அடித்த வால்ஸ்கிஸும் அங்கேயே போய்ச் சேர்ந்தார். நெய்வேலியைப் போல ஜாம்ஷெட்பூரும் கம்பெனி கட்டிய ஊர்தான். குவார்ட்டர்ஸ் அருமை தெரிந்தவர்கள்.

அடுத்த மூன்று பருவங்களில் சென்னை வெவ்வேறு பயிற்சியாளர்களை வைத்துப் பார்த்தது. ஒருவரை நடுவில் அனுப்பிவிட்டு, நம்மூர் சபீர் பாஷாவை இடைக்காலப் பொறுப்பில் உட்காரவைத்ததும் இதில் அடக்கம். மூன்று பருவமும் எட்டாம் இடம்! ஆளை மாற்றினாலும் மாறாத அந்த எட்டைப் பற்றி, நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் ஒருவர் முன்பே எழுதிவிட்டார்: மேனேஜரை மாற்றிய கிளப்பும், அதே சரிவில் மாற்றாமல் இருந்த கிளப்பும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் எழுந்தன.

அப்படியானால் காய்ல்? இங்கேதான் இயற்கையே ஒரு பரிசோதனை நடத்திக் கொடுத்தது. 2023இல் அதே ஆள், அதே சென்னைக்கு, இம்முறை ஆற அமரத் திட்டமிட்டு வந்தார். முதல் பருவம் ஆறாம் இடம். அடுத்தது 13 அணிகளில் பதினொன்றாம் இடம். காண்ட்ராக்டாக இருந்தபோது இறுதிப் போட்டி, பெர்மனென்ட் தோரணை வந்ததும் பதினொன்று.

இம்முடிவுக்கு இடையூறாக உள்ள இரண்டு சான்றுகள் முறைப்படி விலக்கப்படுகின்றன. ஒன்று, 2015இல் கடைசி இடத்தில் கிடந்த சென்னை, மேனேஜரை மாற்றாமலே கோப்பை வென்றது. மற்றொன்று, காய்ல் ஜாம்ஷெட்பூரில் இரண்டாம் பருவத்தில்தான் லீக் ஷீல்டு வாங்கினார். ஜாம்ஷெட்பூர் ஜார்க்கண்டில் இருப்பதால் ஆய்வு எல்லைக்கு வெளியே.

கடைசியாக, பெஞ்சு ஓரத்தில் இருந்த இளம் ஒப்பந்தத் தொழிலாளி ஒன்று சொன்னார். காய்ல் சென்னையில் இருந்த எந்தப் பருவத்திலும் ஐஎஸ்எல்லில் கடைசி இடத்துக்கு வந்த அணி கீழ்நிலைக்குத் தள்ளப்படவில்லை. "அப்ப கிளப் பெர்மனென்ட் சார். கோச்சுதான் காண்ட்ராக்ட். ஜெயிச்சாலும் தோத்தாலும் கேட்டுக்கு வெளிய நிக்கிறது அவர்தான்." ஆய்வாளரின் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

ஆகவே கிளப் நிர்வாகங்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை: தோற்றுக்கொண்டிருந்தால் தற்காலிக மேனேஜரைத் தாராளமாக அமர்த்துங்கள், நான்கு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது அல்ல, பன்னிரண்டு இருக்கும்போதே அமர்த்துங்கள். கெஸ்ட் ஹவுஸில் தங்க வையுங்கள். குவார்ட்டர்ஸ் ஒதுக்க வேண்டாம்.