லயத்துக் கணினியும் அகத்திணை மரபும்: மீரியபெத்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆய்வு

சங்க இலக்கியத்தில் யானையின் கால் நகம் வரைக்கும் ஆய்வேடு வந்துவிட்டது. ஆனால், ஏறத்தாழ 2003ஆம் ஆண்டில் பிறந்த பென்டியம் 4 கொம்பியூட்டர் ஒன்றை மலைநாட்டு வீடொன்றின் வைஃபையோடு சேர்த்துவைப்பது எந்தத் திணைக்குரிய செயல் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. பல்கலைக்கழகங்கள் வெட்கப்பட வேண்டிய இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுக் களம் இலங்கையில் ஊவா மாகாணத்தின் ஹல்துமுல்லைப் பிரதேசம். பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் பாதையில் கொஸ்லந்தை. அதற்கு மேலே மீரியபெத்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. ஆய்வுப் பொருள், கொழும்பில் கடை வேலை செய்யும் என் மருமகன் ஒருவன், ஏதோ அலுவலகம் கழித்துப்போட்டதை மலிவு விலைக்கு வாங்கி, மொனிட்டரை அம்மாவின் பழைய சீலையால் சுற்றி, ரயிலிலும் பஸ்ஸிலும் மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்த கருவி. உதவி ஆய்வாளர், அவனுடைய தம்பி, தரம் 10 மாணவன். புறத்தேர்வாளர், அம்மாயி. “இம்புட்டுப் பெரிய பொட்டில டீவி வராதா?” என்பது அவர் எழுப்பிய முதல் வினா. அதற்கு இன்னும் தக்க விடை தரப்படவில்லை.

முன்னோர் முயற்சிகளையும் பதிவு செய்வது முறை. அவற்றுள் பெரியது வான்வழி முயற்சி. 2015 ஜூலையில் இலங்கை அரசு கூகுளோடு ஓர் உடன்படிக்கை செய்தது. வானத்தில் பலூன்களை மிதக்கவிட்டு நாடு முழுவதற்கும் இணையம் இறக்குவது ஏற்பாடு. 2016 பெப்ரவரியில் அப்படி ஒரு பலூன் இறங்கவும் இறங்கியது, கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில். விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. திட்டமிட்டே இறக்கினோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். எப்படியோ, தோட்டத்துத் தொழிலாளியைத் தேடி இணையம் தானாகவே வந்த சந்தர்ப்பம் இது ஒன்றுதான். வந்ததும் காற்றுப் போய் வந்தது. 2021 ஜனவரியில் கூகுளின் தாய்க் கம்பனி அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. ஆகவே நாம் தரைவழியே போவோம்.

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். இலக்கணப்படி பார்த்தால் இந்த மண்ணில் எதுவும் எதனோடும் எளிதில் சேர வேண்டும். ஆனால் களத்தில் கண்டது வேறு. ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்க, திரையில் ஒன்றும் வராமல் பையன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பது இருத்தல், அது முல்லை. மாதம் முடிய முன் டேட்டா முடிந்துபோவது இரங்கல்; அது நெய்தல். பக்கத்துக் காம்பராக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் பாஸ்வேர்டை மாற்றிவிட, இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோவது ஐயத்துக்கு இடமில்லாமல் ஊடல், மருதம். பாலை எது என்பதில் எனக்குச் சற்றுத் தயக்கம் இருந்தது. 2021இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, இதே ஊவாவின் போஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறிப் பாடம் படித்தார்கள். வீட்டைப் பிரிந்து, சுரம் கடந்து, கையில் போனோடு போன அந்தப் போக்கைக் கண்டபின் தயக்கம் தீர்ந்தது. ஐந்து திணையும் ஒரே ரவுட்டரில் அடங்கும் என்பதே என் கருத்து. திணை மயங்கலாம் என்று தொல்காப்பியரே அனுமதித்திருப்பதால் ஆட்சேபணைக்கு இடமில்லை.

காலத்தைப் பற்றியும் அவர் தெளிவாக இருந்திருக்கிறார். குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம், அதாவது நடுச்சாமம். நம் நாட்டு இணையப் பொதிகள் பலவற்றில் டேட்டாவைப் பகலுக்குக் கொஞ்சம், இரவுக்கு நிறைய என்று பிரித்துத் தருவார்கள். இரவுக் கணக்கு தொடங்குவது பன்னிரண்டு மணிக்கு. தலைவன் ஏன் யாமத்தில் வந்தான் என்று உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். டேட்டா என்ற கோணத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. பெரும்பொழுது கூதிர் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஊவா மலையில் பின்னேரம் ஆனால் இடி மின்னல்; வானம் கறுத்தவுடன் அம்மாயி பிளக்கைப் பிடுங்கிவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் தொல்காப்பியரை விட அம்மாயியின் பேச்சைக் கேட்பதே ரவுட்டருக்கு நல்லது.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில் தோட்டத்தில் இரண்டு மரபுகள் உண்டு. அலுமாரி மரபினர் அதை டீவிக்குப் பக்கத்தில், பின்னல் விரிப்பின் மேல், பிளாஸ்டிக் பூவுக்கும் சாமிப் படத்துக்கும் நடுவே வைப்பார்கள். யன்னல் மரபினர் சிக்னல் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து யன்னல் விளிம்பில் வைப்பார்கள். அழகில் முன்னவர், அறிவில் பின்னவர். தகரக் கூரை கோபுரத்து அலையைத் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர் மீதியை உறிஞ்சிவிடும். உள்ளே வர யன்னலைத் தவிர வேறு வழி கிடையாது.

இனிக் கருவிக்கு வருவோம். முதல் கோளாறு அதன் வயதில் இல்லை, அது தன் வயதை ஒப்புக்கொள்ளாததில் இருக்கிறது. தாய்ப்பலகையில் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் காசு பேட்டரி ஒன்று உண்டு. கரண்ட் இல்லாத நேரத்திலும் நாளையும் மணியையும் நினைவில் வைப்பது அதுதான். அது செத்துப்போனால் கொம்பியூட்டர் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தான் பிறந்த காலத்திலேயே கண் விழிக்கும். நம்முடையது 2002 ஜனவரி 1 என்று சாதித்தது. இன்றைய இணையத்தளங்கள் ஒவ்வொன்றும் இன்ன நாளிலிருந்து இன்ன நாள் வரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டும். 2002இல் நிற்கும் இயந்திரத்துக்கு அவை எல்லாம் இன்னும் பிறக்காத நாளின் சான்றிதழ்கள். ஆகவே போலி என்று கதவைச் சாத்திவிடும். ஒரு தளம் விடாமல் எல்லாவற்றையும் மோசடி என்று சொன்ன அதன் உறுதியை மெச்சாமல் இருக்க முடியவில்லை. பண்டாரவளையில் வாங்கிய காசு பேட்டரி ஒன்று அதை இந்தக் காலத்துக்குக் கூட்டி வந்தது.

இரண்டாவது, சாவி. அந்த இயந்திரத்தில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி 2001 ஒக்டோபரில் வெளிவந்தது. மைக்ரோசொப்ட் அதை 2014 ஏப்ரலில் கைவிட்டது. இன்றைய ரவுட்டர்கள் கேட்கும் டபிள்யூபிஏ2 பூட்டு 2004இல் வந்த சங்கதி. எக்ஸ்பியின் ஆரம்பப் பதிப்புகளுக்கு அதைத் திறக்கத் தெரியாது. 2008இல் வந்த மூன்றாவது சேவைப் பொதியைப் போட்டால் திறக்கும். திறந்தாலும் அதன் பழைய உலாவிக்கு இன்றைய தளங்களின் மறைமொழி விளங்காது. கைவிடப்பட்ட எக்ஸ்பியோடு வலைக்குப் போவது ஆபத்தும்கூட. எனவே அதைத் துடைத்துவிட்டு, பழைய இயந்திரங்களுக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் அன்டிஎக்ஸ் என்ற லினக்ஸைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டோம். மருமகனுக்கு மனம் வரவில்லை. பச்சைப் புல்மேடும் நீல வானமுமாக இருந்த அந்த எக்ஸ்பி படத்தை நம்ம மலை என்றே அவன் நம்பியிருந்தான்.

இதற்குப் பிறகும் வைஃபை அகப்படவில்லை. பழைய அட்டைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மட்டும்தான் கேட்கும். ரவுட்டரோ 5இல் பேசிக்கொண்டிருந்தது. அதை மாற்றிப் பார்த்தும், இடையிலுள்ள கருங்கல் சுவர் விடவில்லை. கடைசியில் வயர் இழுத்தோம். கற்றவர்கள் வயரை இகழ்வது வழக்கம். அவர்கள் லயத்தின் நீளத்தை அளந்ததில்லை. நெட் கேபிள் ஒன்று 100 மீற்றர் வரை தாக்குப்பிடிக்கும். பன்னிரண்டு அடிக் காம்பரா பத்து வரிசையாக இருந்தாலும் 120 அடி, ஏறத்தாழ 37 மீற்றர்தான். இந்தக் கோடி இஸ்தோப்பிலிருந்து அந்தக் கோடி இஸ்தோப்பு வரை ஒரே வயர் போய்ச் சேரும்.

வயரைச் செருகியதும் நிகழ்வதுதான் இவ்வாய்வின் மையம். கொம்பியூட்டர் கண் விழித்து, எனக்கு ஓர் இலக்கம் வேண்டும் என்று வலை முழுதும் கேட்கக் கூவுகிறது. ரவுட்டர் ஓர் இலக்கத்தை நீட்டுகிறது. அதையே எடுத்துக்கொள்கிறேன் என்கிறது கொம்பியூட்டர்; சரி என்று ரவுட்டர் பதிந்துகொள்கிறது. காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டில் பேர் போடும் சடங்கும் இதுவே. இங்கேயும் அந்தப் பதிவு அநேகமாக ஒரு நாள் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். கூவியும் பதில் வராவிட்டால் விண்டோஸ் போன்றவை 169.254 என்று தொடங்கும் ஓர் இலக்கத்தைத் தாமே சூட்டிக்கொள்ளும். பேர் போடாமல் மலைக்கு ஏறிய ஆளின் கதிதான். நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் கணக்கில் வராது.

நம் கொம்பியூட்டருக்குக் கிடைத்தது 192.168.1.7. உலகத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே இலக்கம் புழங்குகிறது. 1996இல் இணையத்தை நெறிப்படுத்துவோர் இதுபோன்ற இலக்கங்களை வீட்டுக்குள் மட்டும் பாவிக்கவென்று ஒதுக்கிவைத்தார்கள். வாசல் தாண்டினால் செல்லாது. அகத்திணையில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதியை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். வெளியே போகும்போது ரவுட்டர் தன் சொந்த முகவரியைக் கொடுத்து அனுப்பும். அதுவாவது சொந்தமா என்றால், 4ஜி இணைப்புகளில் அநேகமாக அதுவும் இல்லை. பல நூறு ரவுட்டர்களைத் தனக்குப் பின்னால் நிறுத்தி, கம்பனி ஒரே முகவரியோடு உலகத்தை எதிர்கொள்ளும். இதற்கென்றே 2012இல் இன்னொரு தொகுதி இலக்கம் ஒதுக்கப்பட்டது.

காரணம் நியாயமானது. பழைய முறைப்படி உலகத்துக்கு இருந்ததே ஏறத்தாழ 430 கோடி முகவரிகள், அவை தீர்ந்துபோயின. தோட்டத்தில் என்ன தட்டுப்பாடு என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் 53 ஆண்டுக் குத்தகை. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களின் கடிதம் தோட்டத்தின் பேருக்கு வரும், ஆபீஸில் தங்கும், யாராவது லயத்துப் பக்கம் வந்தால் கூட வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சைக்குப் பிறகு வந்த கதை எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. பல நூறு குடும்பங்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் வித்தையை இணையக்காரர்கள் தாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவில்லாத கதை கடிதத்தோடு நிற்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தவில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று அன்று யாராலும் திடமாகச் சொல்ல முடியவில்லை. எண்ணிக்கை நாளுக்கு ஒன்றாக வந்தது. பிழைத்தவர்கள் மாக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருந்தார்கள். தனித்தனி வீடுகள் கைக்கு வந்தபோது 2016 ஆகிவிட்டது. யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பதிவு ஒரு சின்ன ரவுட்டரிடம் நொடிக்கு நொடி இருக்கிறது.

யாமம் பன்னிரண்டு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கொம்பியூட்டர் இணைந்தது. பையன் முதலில் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைத் திறந்து கணிதப் பாடத்தை இறக்கினான். இரண்டாவதாக, அண்ணனுக்காக ஒரு பயிற்சி நெறி விண்ணப்பத்தைத் திறந்தான். பேர், பிறந்த திகதி எல்லாம் சுமுகமாகப் போயின. வீட்டு இலக்கம் என்ற பெட்டியில் சிவப்பு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடவில்லை.

“மாமா, இதுல என்னா போடுறது?”

“பணிய லயம்னு போடு.”

போட்டான். எழுத்து கூடாது, எண் மட்டும் என்றது.

“நம்மகிட்ட எண் ஏது மாமா?”

ஆய்வாளன் என்ற முறையில், கண்ணுக்கு முன்னால் இருந்த ஒரே எண்ணைச் சுட்டிக் காட்டினேன். 192.168.1.7 என்று அடித்தான். புள்ளி கூடாது என்றது. புள்ளிகளை எடுத்துவிட்டு 19216817 என்று அடித்தான். ஏற்றுக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திறந்தது.