‘இருக்கலாம்’ என்று எழுதலாம்

அனுப்புநர்:
பால் ஆகாத ஒன்றே முக்கால் வயதுப் பையனின் தாயார்,
சென்னை.

பெறுநர்:
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது டெல்லி.

பொருள்: பால் – பெயரைக் காப்பாற்றியமைக்கு நன்றி தெரிவித்தல் – பிள்ளையையும் காப்பாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2021 செப்டம்பரில் தாங்கள் போட்ட உத்தரவை இப்போதுதான் படித்தேன். அது வந்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. காபியைத் தாண்டிப் பாலைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை. சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்களின் பெட்டிமேல் ‘மில்க்’ என்ற சொல் இருக்கக் கூடாது. இருந்தால் ஆன்லைன் கடைகள் அந்தச் சரக்கை இறக்கிவிட வேண்டும். பால் என்றால் ஆரோக்கியமான கறவை விலங்கின் மடியிலிருந்து கறந்தது, அவ்வளவுதான். படிக்கப் படிக்க நெஞ்சு நிறைந்தது. ஒரு சொல்லின் மானத்துக்கு இந்த நாட்டில் இவ்வளவு காவல் இருக்கிறதா என்று.

தேங்காய்ப் பாலுக்கு விலக்குக் கொடுத்துவிட்டீர்கள், ஆப்பம் பிழைத்தது. ஆனால் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் உங்கள் ஆட்களுக்கு வேலை நிறைய இருக்கிறது. கன்னியாகுமரியில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். தஞ்சாவூரில் நெல்லுக்கே பால் பிடிக்கிறது, விவசாயி வரப்பில் நின்று கதிரை நசுக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார். வள்ளுவர் மூன்று பால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், ஒன்றிலும் கொழுப்புச் சதவீதம் போடவில்லை. பால் என்று பேர் இருப்பதெல்லாம் குழந்தைக்கு ஆகும் என்று இங்கே யாரும் நம்பியதும் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களின் வாயில் ஊற்றிய கள்ளிப்பாலுக்கும் அதே பேர்தான். அது சிரிப்பதற்கான விஷயம் இல்லை, நகர்கிறேன்.

எங்கள் வீட்டிலும் தினமும் ஒரு குற்றம் நடக்கிறது. காலையில் அம்மா முளைகட்டிய கேழ்வரகை மிக்சியில் அரைத்து, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டித் துணியில் ஊற்றி, முறுக்கிப் பிழிகிறார். துணிக்கு அடியில் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குப் பேர் கேழ்வரகுப் பால். அவருக்கு அவருடைய அம்மா சொன்ன பேர். அடுப்பில் வைத்துக் கிண்டினால் சற்று நேரத்தில் கூழாகிப் பளபளக்கும். கேழ்வரகுக்கு மடி கிடையாது, டெல்லியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன். “பேரு என்னவோ இருந்துட்டுப் போவுது, அவனுக்குப் பசிக்குதுடி” என்றார்.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு டம்ளர் பசும்பாலில் ஆறேழு கிராம் புரதம் இருக்கிறது. கடையில் விற்கிற பாதாம் பானத்தில் பெரும்பாலும் ஒரு கிராம் சொச்சம். பாலுக்குப் பதில் பால் என்று நம்பி அதையே புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் பிள்ளை வளராது. அரிசிப் பானத்தை ஐந்து வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் சொல்வது ஆர்சனிக்குக்குப் பயந்து. இதையெல்லாம் எனக்குச் சொன்னது டாக்டர். நீங்கள் பெட்டியிலிருந்து ஒரு சொல்லை எடுத்தீர்கள். ‘பச்சைக் குழந்தைக்கு இது தாய்ப்பாலுக்கோ பவுடர் பாலுக்கோ ஈடாகாது’ என்று இன்னும் சில சொற்களைச் சேர்க்கச் சொல்லியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

நீங்கள் சொல்லாத இடத்தை நிரப்ப உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். பெரியம்மா ஆட்டுப்பால் கட்சி. காந்தி குடித்தாரே என்பார். காந்தி பால் குடிப்பதில்லை என்று விரதம் எடுத்தவர். உடம்புக்கு முடியாமல் போனபோது, நீங்கள் விட்டது பசும்பாலும் எருமைப்பாலும்தானே என்று கஸ்தூர்பா சொல்ல, ஆட்டுப்பாலுக்கு மாறினார். சொல்லில் சந்து இருந்தது, நுழைந்துவிட்டார். என் பையனின் உடம்பு அந்தச் சந்தில் நுழைய விடாது. ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பால் புரதமும் அச்சு அசல் அண்ணன் தம்பி. பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அதுவும் ஆகாது. சித்தப்பா ‘லாக்டோஸ் ஃப்ரீ’ பால் வாங்கி வந்தார். அதில் உடைத்தது சர்க்கரையை. இவனுக்கு வில்லன் புரதம். தெருவில் கழுதையை ஓட்டிவந்து ஒரு சங்கு கறந்து கொடுக்கிறாரே, அவர் சரக்குதான் புரதக் கணக்கில் தாய்ப்பாலுக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. பசும்பால் ஆகாத குழந்தைகள் பலர் அதைத் தாங்கிக்கொண்டதாக இத்தாலியில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்காகக் காய்ச்சாத பாலை, கழுவாத சங்கில் என் பிள்ளைக்கு ஊற்ற மாட்டேன். இருந்தாலும், கூட்டத்தில் அறிவியலுக்குப் பக்கத்தில் நின்றது கழுதை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்குப் பத்து மாதம் இருக்கும்போது நாத்தனார் தேங்காய் பன் வாங்கி வந்தார். பொறுப்பானவர்; கடையில் கேட்டுத்தான் வாங்கினார். “அண்ணே, இதுல பால் சேர்ப்பீங்களா?” “சுத்த சைவம்மா, முட்டைகூடக் கிடையாது.” நகக்கண் அளவு பிய்த்து ஊட்டினோம். ஐந்து நிமிடத்தில் உதட்டைச் சுற்றிக் கொசு கடித்த மாதிரி தடிப்பு. பிறகு கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டது. பிறகு ஒரு இருமல், நாய்க்குட்டி குரைப்பது போல. ஆட்டோவில் அவனை மடியில் போட்டுக்கொண்டு போன அந்தப் பத்து நிமிடத்தை நான் விவரிக்கப் போவதில்லை. டூட்டி டாக்டர் கேள்வி கேட்காமல் தொடையில் ஊசி போட்டார். பன்னுக்கு மாவிலேயே பால் பவுடர் போட்டு, மேலே பளபளப்புக்குப் பாலும் தடவுவார்களாம்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவருக்கு நீங்கள் கற்றுக்கொடுத்த கேள்வி ஒன்றுதான்: சைவமா, அசைவமா. பெரியவர்களின் ஆசாரத்துக்கு முன்பக்கத்தில் வண்ணப் புள்ளி. கொள்கைக்காகப் பாலை விட்டவர்களுக்கு 2022-இல் தனி வீகன் முத்திரை. உடம்பு ஏற்காமல் விட்டவனுக்குப் பின்பக்கத்தில் பொடி எழுத்து, அதுவும் பாக்கெட்டாக இருந்தால். பாக்கெட் இல்லாத பன்னுக்கு? உங்கள் 2020 விதிகளில் தேடினேன். மத்திய உரிமம் வாங்கிய உணவகம், அல்லது பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகம், அலர்ஜி விவரத்தை மெனுவில் காட்ட வேண்டும். தெருமுனைக் கடைக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்பது கிளைக்காரரின் பலகாரத்தைத் தின்றால் தொண்டை அடைக்காது போலும். பையனுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு மூன்று வரை வந்திருக்கிறான்.

பாக்கெட்டுக்கு வருவோம். சேர்த்த பொருளில் பால் இருந்தால் எழுதியே ஆக வேண்டும் என்கிறீர்கள், நன்றி. ஒரே மெஷினில் பால் பிஸ்கட்டும் ஓடி, அதன் தூள் இதில் ஒட்டியிருந்தால்? ‘இருக்கலாம்’ என்று எழுதலாம். இரண்டு ‘லாம்’. எழுதாத பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தூள் இல்லாததால் எழுதவில்லையா, எழுத வேண்டாம் என்பதால் எழுதவில்லையா என்று அலமாரிக்கு நடுவில் நின்று யோசிக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தைக்கு எள் ஆகாது. அமெரிக்காவில் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்து, 2023 முதல் கட்டாயமாக எழுதுகிறார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லிப் பொடியில் அதையே குழைத்துச் சாப்பிடுகிற நமக்கு 2020-இல் நீங்கள் போட்ட பட்டியலில் எட்டு வகை. எள் விழ இடமில்லை.

கடைசியாக அம்மா விஷயம். நான் ஆபீஸ் போனபின் பையனைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவருக்குத் தமிழ் தவிர வேறு எழுத்துத் தெரியாது. லேபிளில் விவரம் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும், வேறு மொழியும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது உங்கள் விதி. இங்கும் ஒரு ‘லாம்’. டிவியில் அதே கம்பெனி ‘உங்க செல்லத்துக்கு’ என்று தமிழில் கொஞ்சும். பால் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தால் வாய் திறக்காது.

ஆகவே நாங்களே ஓர் ஆணையம் நடத்துகிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாங்கி வந்ததையெல்லாம் தரையில் பரப்பி நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். கேசீன், வே, மில்க் சாலிட்ஸ் என்று எது வந்தாலும் “உண்டு” என்பேன். அம்மா என் பழைய நெயில் பாலிஷை எடுத்து மூடியில் சிவப்புப் புள்ளி வைப்பார். ரஸ்க்கில் வைத்தார். மசாலா சிப்ஸில் வைத்தார். நெய் ஜாடியில் கொஞ்சம் தயங்கி வைத்தார். “நெய்யிலுமாடி?” வடிகட்டினாலும் புரதம் துளி தங்கும் அம்மா என்றேன். போன வாரம் தன் காபி டம்ளரின் அடியில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். பேரன் இப்போது எட்டி எடுக்கிறானாம். அவனுக்கும் புள்ளி தெரியும், கை வைக்க மாட்டான் என்றார்.

பாட்டில் தீரப் போகிறது. தங்களிடம் பச்சை மையும் பழுப்பு மையும் கையிருப்பில் இருப்பது தெரியும். சிவப்பு இருந்தால் அனுப்பி உதவவும்.

இப்படிக்கு,
மேற்படி தாயார்.

இணைப்பு: ரஸ்க் பாக்கெட்டின் பின்பக்கம் – 1. பூதக்கண்ணாடி தங்கள் செலவில்.