வாடகைக்கு ஒரு வளவு

செட்டிநாட்டு மாளிகை விடுதி என்பது, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பம் ஒன்று கட்டி வாழ்ந்த வீட்டில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி, அந்தக் குடும்பத்தின் கதையைக் கேட்டு, காலையில் பணம் கட்டிவிட்டுப் போகிற இடம். காரைக்குடி, கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி ஆகிய ஊர்களில் இத்தகைய விடுதிகள் உள்ளன. கட்டில், மெத்தை, வெந்நீர் எல்லாம் மற்ற விடுதிகளில் கிடைப்பவைதான். வாடகையை உயர்த்துவது கதை. தூணுக்கு ஒரு கதை, கண்ணாடிக்கு ஒரு கதை, கதவின் தாழ்ப்பாளுக்கு ஒரு கதை. அறையில் கதை இல்லாத பொருள் ஏ.சி. ஒன்றுதான். அது ஓடாத நாளில் அதற்கும் ஒன்று சொல்லப்படும்.

பழைய மாளிகையை விடுதியாக்கும் வழியை இந்தியாவுக்குக் காட்டியது ராஜஸ்தான். உதய்பூரின் ஏரி அரண்மனை 1963-இல் விடுதியானது. 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்த பிறகு, வரும்படி இழந்த மற்ற அரண்மனைகளும் கதவைத் திறந்தன. அங்கே கதைக்குப் பஞ்சமில்லை. சுவரில் வாள், மாடத்தில் ராணி, கோட்டை வாசலில் முற்றுகை. செட்டிநாட்டின் நிலை சற்று சங்கடமானது. மருது சகோதரர்கள் ஆங்கிலேயருடன் போரிட்ட காளையார்கோவில் பக்கத்தில்தான் இருக்கிறது என்றாலும், அந்தப் போர் 1801-இலேயே முடிந்துவிட்டது. இந்த மாளிகைகள் எழுந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. இவற்றைக் கட்டியது வாள் அல்ல, வட்டி. ‘செட்டிநாட்டு ராஜா’ என்ற பட்டமே ஆங்கில அரசு 1929-இல் அண்ணாமலைச் செட்டியாருக்கு வழங்கியது. மற்ற ஊர்களில் ராஜா ஆன பிறகு அரண்மனை கட்டுவார்கள். கானாடுகாத்தானில் அரண்மனை முதலில் வந்தது, ராஜா பின்னால் வந்தார்.

நகரத்தார் எழுத்தில் குறை வைத்தவர்கள் அல்லர். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். கல்யாணத்தையும் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தமாக ஓலையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். யார் எத்தனை ரூபாய் மொய் வைத்தார் என்பது தலைமுறை தாண்டியும் ஏட்டில் கிடைக்கும். யார் யாரைக் காதலித்தார் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. விடுதிக்கு வருபவர்கள் கேட்பதோ இரண்டாவதைத்தான். இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவதற்காகவே வழிகாட்டி என்ற பதவி ஏற்பட்டிருக்கிறது.

வரலாற்றுக்கு அரசாங்கம் ஒரு தேதியும் குறித்திருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் விதிப்படி, பாரம்பரிய விடுதி என்ற தகுதி பெற 1950-க்கு முன் கட்டிய கட்டடம் வேண்டும். அதில் மேல்வகுப்பு வேண்டுமானால் 1935-க்கு முன். 1949 மார்கழியில் முடிந்த சுவர் பாரம்பரியம். மறு ஆண்டு சித்திரையில் முடிந்தது வெறும் சுவர். செட்டிநாட்டுக்கு இந்தத் தேதி அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. வீடு கட்டிய பணம் பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. நெல் விலை சரிந்த 1930-களில் கடனைத் திருப்ப முடியாத குடியானவர்களின் நிலம் கைமாறி, கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. காகிதத்தில் இது லாபம். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டு ரங்கூனில் விழுந்தது. அடுத்த ஆண்டு கணக்குப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு காட்டு வழியாக நடந்து ஊர் திரும்பியவர்கள் பலர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. ஆகவே 1950-க்குப் பிறகு மாளிகை கட்டி விதியை மீறும் வசதி யாருக்கும் இல்லாமல் போயிற்று. விருந்தினருக்குச் சொல்லும் கதையில் பர்மா என்றால் தேக்கு மட்டும்தான் வரும். நிலத்தை இழந்த பர்மியக் குடியானவர் காலை உணவுக்கு முன் சொல்லத்தக்க ஆள் அல்லர்.

இனி வீட்டை முன்னிருந்து பின்னாகப் பார்க்கலாம். நிறைய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முகப்பின் உச்சியில் சுதையால் செய்த கஜலட்சுமி இருப்பாள். சில வீடுகளில் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த ஆங்கிலச் சிப்பாயும் நிற்பார். செல்வம் யாரிடமிருந்து வருகிறது, யார் காவலில் வருகிறது என்பதைக் கொத்தனார் அந்த அளவுக்குப் புரிந்துவைத்திருந்தார். அதற்கு அடுத்தது திண்ணை. கடன் கேட்டு வந்தவரையும் கணக்குத் தீர்க்க வந்தவரையும் நிறுத்தி வைக்கக் கட்டிய இடம் இது. பெரும்பாலோர் இதைத் தாண்டி உள்ளே போனதில்லை. இப்போது அதே திண்ணையில் பானகம் கொடுத்து, நெற்றியில் சந்தனம் வைத்து, “உள்ளே வாங்க” என்கிறார்கள். அந்நியர் உள்ளே வராமல் தடுக்க மூன்று தலைமுறை செலவழித்த வீட்டில் இன்றைய ஒரே கவலை, அந்நியர் வராமல் போய்விடுவாரோ என்பதுதான்.

திண்ணைக்குப் பின்னால் பட்டாலை என்கிற பெரிய கூடம். வழிகாட்டியின் திறமை இங்கேதான் வெளிப்படும். சுவர்ப்பூச்சு சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்துப் பளபளப்பாக்கியது. நூறு வயதிலும் தொட்டால் வழுவழுவென்று குளிர்ந்திருக்கும். இவ்வளவும் உண்மை, இவ்வளவே போதும். ஆனால் முட்டையின் எண்ணிக்கை கேட்பவரைப் பொறுத்தது. காலையில் வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் சொல்லப்படுவது, மாலையில் வரும் பிரெஞ்சுக்காரர்களுக்கு லட்சத்தைத் தொடும். அந்தக் கணக்கை நம்பினால் ராமநாதபுரம் ஜில்லாவில் அப்போது கோழிக்குஞ்சு ஒன்றுகூடப் பிறந்திருக்க முடியாது. தேக்கு மரங்களைக் கப்பலின் பின்னால் கட்டி மிதக்கவிட்டே கொண்டுவந்தார்கள் என்பது அடுத்த கதை. கப்பல் கூலியை மிச்சம் பிடித்த செய்தி என்பதால், நகரத்தார் வீட்டுக் கதைகளில் நம்பும்படியாக இருப்பது இதுதான்.

இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, எனாமல் தட்டு என்று கடல் கடந்து வந்தவற்றை வழிகாட்டி நிறுத்தி நிதானமாகச் சொல்வார். காலடியில் கிடக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்வார். உண்மையில் நின்று பார்க்க வேண்டியது அதுதான். பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் இன்றும் இது கையால் செய்யப்படுகிறது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தையும் அதற்குள் அச்சையும் வைத்து, அச்சின் தடங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்ததும் அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த கலவையைப் போட்டு அழுத்துகிறார்கள். காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி தனியே கழன்றுகொள்ளும். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். சூளை கிடையாது, மின்சாரம் கிடையாது. நடக்க நடக்கப் பளபளப்பு கூடுமாம். ஆகவே விருந்தினர்கள் தங்கிய ஒவ்வொரு நாளும் வாடகையும் கொடுத்து, தரைக்கு மெருகும் ஏற்றிவிட்டுப் போகிறார்கள்.

பட்டாலையைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள் நிற்கும் நடை, நடையை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஓர் அறை, அறைக்குத் தனிப் பூட்டு. இந்த அறைகள்தாம் இப்போது விருந்தினர் தங்கும் அறைகள். விடுதியின் விளம்பரம் சொல்லாத செய்தி ஒன்று உண்டு: இவை முதன்மையாகச் சாமான் வைக்கும் அறைகள். மருமகள் சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா, வெள்ளிக் குத்துவிளக்கு, எனாமல் தூக்குச்சட்டி, டஜன் கணக்கில் பாய் எல்லாம் இங்கே பூட்டி வைக்கப்பட்டன. மனிதர்கள் பட்டாலையிலும் நடையிலும் காற்றாடப் பாய் விரித்துப் படுத்தார்கள். அண்டாவுக்குப் போதும் என்று நினைத்து வைத்த சின்ன ஜன்னலைப் பார்த்து, “அந்தக் காலத்தவர்களுக்கு அந்தரங்கத்தின் அருமை தெரிந்திருக்கிறது” என்று வியப்பவர்கள் உண்டு.

வீட்டின் சொந்தக்காரர் இங்கே தூங்கிய இரவுகளும் குறைவு. வெளிநாட்டு வட்டிக்கடைக்கு ஏஜெண்டாகப் போனால் மூன்று ஆண்டு கழித்துத்தான் ஊர் திரும்புவார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் ரங்கூன் மொகல் தெருவிலும் அவர் வாழ்ந்த இடம் கிட்டங்கி. அது நீண்ட கூடம். ஆளுக்கு ஒரு மரப்பெட்டி, கணக்கு எழுத ஒரு சாய்வு மேசை. பகலில் அதுவே கடை, இரவில் அங்கேயே பாய். பெட்டியடியில் படுத்துக்கொண்டு, தாம் படுக்காத வீட்டுக்கு நூறு தூண் அனுப்பினார். ‘நிறுவனர் அறை’ என்று பலகை மாட்டி அதிக வாடகை கேட்கும் விடுதி ஏதேனும் இருந்தால், வரலாற்றுக்கு உண்மையாக அது ஒரு பாயும் பெட்டியும் மட்டுமே கொடுக்க வேண்டும்.

மூன்றாம் கட்டு அடுப்படி. நகரத்தார் வழக்கப்படி, மகனுக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். இதற்கு ‘வேறு வைப்பது’ என்று பெயர். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் வெவ்வேறு குழம்பு வைத்துச் சமாதானமாக வாழ்ந்ததன் ரகசியம் இது. முழு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் சமைத்துப் போடுவதைக் குடும்பம் செய்யவில்லை, விடுதி செய்கிறது. சாப்பாட்டில் விருந்தினருக்கு முதல் அதிர்ச்சி, காரம் இல்லாதது. நாடு முழுக்க உணவகங்களில் ‘செட்டிநாடு’ என்ற பெயரில் விற்கும் சிவப்புக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு, வெள்ளைப் பணியாரமும் அரிசி கழுவிய நீரில் வைத்த மண்டியும் ஏமாற்றமாகத் தோன்றும். பர்மாவிலிருந்து வந்து தங்கிவிட்ட கவுனி அரிசியை இனிப்பாகக் கிண்டித் தந்ததும் கோபம் தணிந்துவிடும். பர்மாச் சொத்தில் திரும்பக் கேட்க ஆளில்லாமல் கையில் நின்றது கவுனி ஒன்றுதான் போலிருக்கிறது.

இரவு முற்றத்தில் கதை நேரம். வெளிநாட்டவர் தவறாமல் கேட்பது பேய். இத்தனை பெரிய, இத்தனை இருட்டான வீட்டில் ஒரு பேயாவது இல்லாவிட்டால் கொடுத்த காசு வீண் என்று அவர்கள் எண்ணுவது நியாயமே. காவல்காரரிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்: “பேயெல்லாம் இல்லைங்க. பங்காளிகதான் இருக்காக.”

அவர் சொல்வது முற்றிலும் சரி. ஒரு வீட்டுக்கு மூன்று தலைமுறையில் பங்காளிகள் பெருகி சென்னை, கோலாலம்பூர், சிகாகோ என்று பரவிவிடுகிறார்கள். விடுதியாக்க எல்லோரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் தம் பங்கைப் பூட்டி வைத்துக்கொண்டு சாவியோடு வெளிநாட்டில் இருப்பார். அந்த அறை விருந்தினரிடம் ‘ரகசிய அறை’ என்று அறிமுகமாகும். கையெழுத்து கடைசிவரை கூடாத வீடுகளின் தூணும் கதவும் கழன்று, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அங்கே தாத்தாவின் சாய்வு நாற்காலியும் ரவிவர்மா லட்சுமியும் பேரம் பேசினால் குறையும் விலையில் கிடைக்கும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இலேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன; தேக்குக் கதவுகள் அதற்கு முன்பிருந்தே லாரியில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில், முட்டைக் கணக்கைச் சற்று ஏற்றிச் சொன்னாலும் கூரையில் ஓடு மாற்றுகிற விடுதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

குடும்பத்தில் கல்யாணமோ மணிவிழாவோ முன்னோருக்குப் படைப்போ வந்தால் வீடு மறுபடி வீடாகிவிடும். வளவில் பந்தி விரியும், பெட்டகம் திறக்கும், அறைகளில் சாமான் பரப்புவார்கள். சிங்கப்பூரில் பிறந்த பேரன் வழிகாட்டியிடம் சுவரைப் பற்றிக் கேட்பான். அவர் லட்சத்தில் தொடங்கும்போது, அடுப்படியிலிருந்து வரும் அப்பத்தா கொத்தனார் கூலியை ரூபாய், அணா, பைசாவோடு சொல்லித் திருத்துவார். அந்த நாட்களில் வெளியாருக்கு இடம் கிடைப்பது அரிது. ஆவணியிலும் தையிலும் அறை வேண்டுவோர் பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் பார்த்துவிட்டுப் பதிவு செய்வது நல்லது.