கண்ணுக்கு விருந்து

கேள்வி: காலையில் பொள்ளாச்சியிலிருந்து புறப்பட்டு மாலைக்குள் திரும்ப வேண்டியவர், வால்பாறை மலையில் காட்டுயிர்களைக் காண இயலுமா?

பதில்: இயலும், ஆனால் மலை தன் செல்வங்களை அவசரக்காரருக்குக் காட்டுவதில்லை. ஆழியாற்றிலிருந்து ஏறும் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாம் வளைவை ஒட்டிய பாறைச் சரிவில் சற்றுப் பொறுத்து நிற்பவர், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு, பிளவுபட்ட குளம்புகளைப் பாறை விளிம்பில் ஊன்றிப் பதற்றமின்றிப் புல் மேய்வதைக் காணக்கூடும்.

வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சியுள்ள மழைக்காட்டுத் துண்டில், கரிய உடலும் முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் வால் நுனியில் குஞ்சமும் கொண்ட சோலைமந்திகள் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகின் வேறெந்தக் காட்டிலும் இயற்கையாகக் காணப்படாத இக்குரங்குகள், விதானம் எனப்படும் மர உச்சிகளின் தொடர் பரப்பிலேயே பெரும்பாலும் நடமாடுபவை. சாலையால் அவ்விதானம் அறுபட்ட இடங்களில் இவை தரையிறங்காமல் கடக்கும்பொருட்டு, மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன.

ஆயினும் பயணி நீட்டும் ஒரு பிஸ்கட், அப்பாலத்தின் பயனைக் கெடுத்து, குரங்கைச் சாலைக்கும், சாலை அதனைச் சக்கரத்துக்கும் அழைத்துச் சென்றுவிடுகிறது. ஆகவே கண்ணுக்கு விருந்து தேடி மலையேறுபவர், குரங்குக்கு விருந்து வைக்காமலிருப்பதே உண்மையான விருந்தோம்பல்; ஏனெனில் அங்கே விருந்தாளி மனிதரே.