அறுபது வயதும் அறுநூறு கிலோமீட்டரும்: ஒரு வயிற்றியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

அறுபது வயது நிறைந்த ஒருவர், அதைக் கொண்டாடத் தாம்பரத்திலிருந்து திருநெல்வேலிவரை சாப்பிட்டுக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கார் ஒன்று, வயிறு நான்கு, நாள் இரண்டு. பெறப்பட்ட முடிவு: சாலை நான்கு வழியாகிவிட்டது, தொண்டை இன்னும் ஒருவழிதான்.

1. முன்னுரை

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நபர் இந்தக் கட்டுரையாளரின் அக்காள் கணவர். இனி 'அத்தான்' என்றே குறிக்கப்படுவார். 1965-ல் விசுவாவசு வருஷம் பிறந்தவர். பிரபவ தொடங்கி அட்சய முடியத் தமிழ் வருஷங்கள் அறுபது; சக்கரம் ஒரு சுற்று சுற்றி 2025-ல் மறுபடி விசுவாவசு வந்து நின்றது. ஆகவே பஞ்சாங்கப்படி தாம் இப்போது கைக்குழந்தை என்பதும், குழந்தைக்கு இனிப்பு கூடாதென்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது என்பதும் அத்தானின் வாதங்கள். 2021-ல் தமிழக அரசு ஓய்வு வயதை அறுபதாக உயர்த்தியதால் ஓய்வும் அறுபதும் ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தன. கையில் காலமும் இருந்தது, காசும் இருந்தது. இல்லாதது அக்காவின் அனுமதி.

முறைப்படியான சடங்கு திருக்கடையூரில் நடந்து முடிந்திருந்தது. எமனிடமிருந்து மார்க்கண்டேயனைக் காப்பாற்றிய ஊர் என்பதால் ஆயுள் வேண்டி அங்கே போகிறோம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தலபுராணத்தை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தேவர்கள் பிள்ளையாரைக் கும்பிட மறந்ததால் அவர் அமிர்தக் குடத்தை ஒளித்து வைத்தார். அந்தக் குடமே பிறகு லிங்கமானது. சுவாமியின் பெயர் அமிர்தகடேசுவரர். கடம் என்றால் குடம். அதாவது, அறுபதாவது வயதில் நாம் போய் நிற்கும் சந்நிதியே ஒரு சாப்பாட்டுப் பாத்திரத்தின் சந்நிதி. அறுபதுக்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்று இனி யாரும் வாதிட முடியாது.

இருந்தாலும் அன்றைக்கு எண்பது பேர் பந்தியில் உட்கார, நாயகர் மட்டும் மாலையும் கழுத்துமாய் வந்தவர்களை வரவேற்றுக்கொண்டு நின்றார். கலச நீர் தலையில் இறங்கும்போதே என் பக்கம் குனிந்து, "மாப்ள, இங்கேருந்து திருநெல்வேலி எத்தன கிலோமீட்டரு?" என்றார். இந்த ஆய்வின் விதை அங்கே விழுந்தது.

2. முன்னோடிகள்

சாப்பிடுவதற்காகவே காரை எடுக்கும் வழக்கத்துக்கு மேலைநாட்டார் காட்டும் ஆதாரம், 1900-ல் பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் வெளியிட்ட கையேடு. அவர்கள் டயர் வியாபாரிகள். ஜனங்கள் ஊர் ஊராகப் போனால்தான் டயர் தேயும், தேய்ந்தால்தான் விற்கும். பின்னாளில் அந்தக் கையேடு உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. மூன்று நட்சத்திரம் என்றால், அதற்காகவே தனியாக ஒரு பயணம் போகலாம் என்று பொருள். ஆக, உலகின் பெரிய சமையல்காரர்கள் நடுங்கும் அந்தப் புத்தகம் ரப்பர் விற்கப் பிறந்தது.

நம்மிடம் இதைவிடப் பழைய கையேடு உண்டு. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன் வழியில் எதிர்ப்படும் ஏழைக் கலைஞனை நிறுத்தி, யாரிடம் போ, எந்த வழியாகப் போ என்று சொல்லி அனுப்புவது. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை வழியோடு மெனுவையும் சேர்த்தே தருகிறது. எயிற்பட்டினத்தில் சுட்ட மீனும் தேறலும். வேலூரில் புளிச்சோறும் ஆமான் கறியும். ஆமூரில் வெண்சோறும் நண்டும். பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு சேர்ந்த பகுதி. சென்னையிலிருந்து தெற்கே சாப்பிடப் போகிறவர் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, நத்தத்தனார் சொன்ன ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறார்.

ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பாணன் வீட்டில் குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிடுமோ என்று கதவை அடைத்துக்கொண்டு தின்றார்கள். பாணன் பசியோடு கிளம்பினான். நாங்கள் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு கிளம்பினோம். எங்கள் வீட்டிலும் உப்பில்லைதான். அது டாக்டர் சொன்னதால்.

3. ஆய்வு முறை

ஓட்டுநர்: கட்டுரையாளர். முன்சீட்டில் அத்தான். பின்சீட்டில் மருமகள், மடிக்கணினியில் நிறுத்தங்களின் அட்டவணையோடு. அவளருகே அக்கா, சுகர் மெஷினோடு. பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கும். எங்கள் குழுவில் ஒரே உறுப்பினர்தான், ஆனால் கோரம் எப்போதும் நிறைந்திருந்தது.

"என்னங்க, எல்லாத்துலயும் ஒரு வாய்தான்" என்பது குழுவின் தீர்மானம்.

"வாயிங்கறது எவ்வளவு?" என்று அத்தான் கேட்டார். அளவை வரையறுக்காமல் தொடங்கிய ஆய்வுகளுக்கு நேரும் கதி எங்களுக்கும் நேர்ந்தது.

4. கண்டறிந்தவை

4.1 ஐம்பது கிலோமீட்டர் விதி. திருச்சிக்குத் தெற்கே வண்டி திரும்பியதும் ஓர் ஒழுங்கு தென்பட்டது. திருச்சியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் போனால் மணப்பாறை, முறுக்கு. இன்னும் அறுபது போனால் திண்டுக்கல், சீரகச் சம்பா பிரியாணி. அங்கிருந்து அறுபத்தைந்தில் மதுரை, ஜிகர்தண்டா. அதற்குப் பிறகு ஐம்பது ஐம்பதாக விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி: எண்ணெய்ப் பரோட்டா, கடலைமிட்டாய், அல்வா. சராசரி ஐம்பத்து சொச்சம் கிலோமீட்டருக்கு ஓர் ஆசை.

மாட்டுவண்டிக் காலத்தில் இந்தத் தூரம் கிட்டத்தட்ட இரண்டு நாள். மணப்பாறையில் தின்றது செரித்து, மறுபடி பசித்து, அந்தப் பசியும் முற்றிய பிறகே திண்டுக்கல் வரும். இப்போது முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறது. வயிறு நிறையத் தின்ற சோறு இரைப்பையை விட்டு இறங்க மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும்; இதில் நெடுஞ்சாலைத் துறை செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஊர்கள் நெருங்கிவிட்டன, பசிகள் நெருங்கவில்லை. இந்த இடைவெளியில்தான் அறுபது வயதுக்காரர் மாட்டிக்கொள்கிறார்.

களச் சான்று: திண்டுக்கல்லில் அத்தான் ஒரு தட்டு முடித்தார். "அரிசி சின்னது, அதனால கணக்குல வராது" என்றார். மதுரையில் ஜிகர்தண்டா வந்தது. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். அவர் அந்த டம்ளரை உயர்த்திப் பார்த்தார். பிசின் கண்ணாடிக்குள் மெல்ல மிதந்து இறங்கியது. கீழே வைத்துவிட்டு, "மாப்ள, நீ குடி" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எனக்கு விட்டுக்கொடுத்த முதல் பண்டம் அது.

4.2 தண்ணீர்க் கோட்பாடு. மணப்பாறை முறுக்கின் ரகசியம் என்னவென்று கேட்டால், எங்க ஊர்த் தண்ணி என்கிறார்கள். அல்வாவைக் கேட்டால் தாமிரபரணித் தண்ணி. முறுக்கைப் பாதியில் எடுத்து ஆறவைத்து மறுபடி எண்ணெயில் போடும் வேலையையும், ஊறிய கோதுமையை அரைத்துப் பாலெடுத்து மணிக்கணக்கில் நெருப்பின்முன் நின்று கிண்டும் வேலையையும் செய்கிற ஆள், பெருமையை ஆற்றுக்கும் கிணற்றுக்கும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். கோவில்பட்டியில் மட்டும் பேச்சு மண்ணுக்கு மாறியது: கரிசல் கடலை. புவிசார் குறியீடு தருகிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். பண்டம் ஊருக்குச் சொந்தம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் அந்த மரியாதை கிடைத்தது. இவ்வளவையும் விசாரித்தபோது எங்கள் கையில் இருந்தது சீல் வைத்த பாட்டில் தண்ணீர் என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம்.

4.3 அல்வா. நெல்லையப்பர் கோயில் எதிரே, மாலையில் மட்டும் திறக்கும் அந்தப் பிரபலமான கடையில் வரிசையில் நின்றோம். கடைக்குப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை, வரிசையே பலகை. முன்னால் ஒரு கல்லூரிப் பையன், பின்னால் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி. நூறு கிராம் கைக்கு வந்தது. சூடு இலையைத் தாண்டி உள்ளங்கையில் ஏறியது. ஓரத்தில் நெய் கசிந்து விரலிடுக்கில் இறங்கியது. அல்வாவைக் கடிக்க வேண்டியதில்லை. நாக்கில் வைத்ததும் அதுவே வழி தெரிந்து போய்விடும்.

அத்தான் கண்ணை மூடினார். அக்கா சுகர் மெஷின் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். நெறிமுறைக் குழு தானாக முன்வந்து கலைந்த அந்த நேரம், மாலை ஆறு பத்து.

"எங்கப்பா சம்பளம் வாங்குன அன்னிக்கு இதுல ஒரு துண்டு வரும்" என்றார் அத்தான். "நாங்க அஞ்சு பேரு. நூலு வச்சுதான் அறுப்பாங்க." நூறு கிராமில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மூன்றாகப் பிய்த்து எங்கள் கையில் வைத்தார். அவருக்கு ஒரு வாய் என்பது எவ்வளவு என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

4.4 பார்சல் விதி. போகும்போது டிக்கியில் இரண்டு பெட்டி. வரும்போது அவை பின்சீட்டில், மருமகளின் மடியில். டிக்கி முழுக்கக் கடலைமிட்டாய், முறுக்கு, அல்வா. மாடிவீட்டுக்கு, எதிர்வீட்டுக்கு, ஆபீஸுக்கு, வாட்ச்மேனுக்கு. இதிலிருந்து கிடைக்கும் விதி: அறுபதுக்கு மேல் ஒருவர் தின்பது குறையக் குறைய, அவர் வாங்குவது கூடும்.

5. வரம்புகள்

ஆய்வு ஒரே ஒரு அத்தானை வைத்துச் செய்யப்பட்டது. எல்லா அத்தான்களுக்கும் இது பொருந்துமா என்பதை அவரவர் அக்காமார்தான் சொல்ல வேண்டும். விருதுநகரில் கட்டுரையாளர் நான்கு பரோட்டா சாப்பிட்டுவிட்டதால் கோவில்பட்டிவரை குறிப்புகள் எடுக்கப்படவில்லை. அந்த ஐம்பது கிலோமீட்டரும் மருமகள்தான் ஓட்டினாள்.

6. முடிவுரை

திரும்பி வந்த மறுநாள், அத்தானோடு வேலை பார்த்தவர் ஒருவர் அல்வாப் பொட்டலம் வாங்கிக்கொள்ள வந்தார். தை மாதம் அவருக்கு அறுபது. "எப்படிண்ணே போனீங்க?" என்று கேட்டார்.

அத்தான் மேசைமேல் தாள் தேடினார். கிடைத்தது இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். திருப்பிப் போட்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரிக்கு நேர் பின்புறத்தில் ஒரு கோடு இழுத்தார். கோட்டில் ஊர்ப் புள்ளிகள்.

"திண்டுக்கல்லுல சாப்பிட்டியா, மதுரையில நிறுத்தாத. விருதுநகர்ல சாப்பிட்டா கோவில்பட்டியில பொட்டலம் மட்டும் வாங்கு. ஒண்ணு விட்டு ஒண்ணு."

"அப்ப மதுரை?"

"நானே வுட்டுட்டேன். எழுபதுக்கு பீமரத சாந்தி இருக்குல்ல, அதுக்கு வச்சிருக்கேன்."

வந்தவர் அந்த ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது அசல், டாக்டரிடம் காட்ட வேண்டியது என்பது அக்காவுக்குச் சாயங்காலம்தான் தெரியவந்தது.