நேர் ரோட்டில் நெளியும் ஜீப்

மலையில் விட்டால் என் ஜீப் உத்தமன். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் முணுமுணுக்காமல் ஏறும். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளுக்கு ஒதுங்கி வழிவிடும். சமர்த்தாக இறங்கியும் வரும். கீழே வந்து தேனி போகும் நேர் ரோட்டைப் பிடித்தால்தான் வினை. வளைவே இல்லாத இடத்தில் தானாக வளைவு போடத் தொடங்கிவிடும். புது டயர் மாட்டிய நாள் முதலாக இந்தக் கூத்து.

முன்பு போட்டிருந்தது 6.00-16 நைலான் டயர். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப் உருண்டதும் இதே அளவில்தான். அகலம் ஆறே அங்குலம். ஒரு உலகப் போருக்குப் போதுமானதாக இருந்த டயர் என் அக்கா மகனுக்குப் போதவில்லை. “என்ன மாமா, ஜீப்புல சைக்கிள் டயரப் போட்டு வெச்சிருக்கீங்க?” என்று ஆரம்பித்தவன், 235/70 ஆர் 16 என்று ஒரு ரேடியலைக் காட்டினான். 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். ஒன்பதே கால் அங்குலம். சேற்றில் கடிக்கிற பெரிய பெரிய பட்டன். பழைய ரிம்மில் அது உட்காராது என்பதால் அகல ரிம்மும் கூடவே வந்தது. மாட்டி முடித்ததும் சக்கரங்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தன. என் மனைவி ஒரு சுற்று சுற்றி வந்து, “சக்கரம் நல்லாருக்கு. இதுக்குப் பொருத்தமா ஒரு வண்டி வாங்கிருங்க” என்றாள்.

முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் தெரியாது. அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் நேராக இருக்கும், வண்டி மட்டும் இடதுபக்கம் கிளம்பும். வலதுபக்கம் ஒடித்தால் ஒரு நொடி கேட்காது. பிறகு கேட்கும், கேட்டதற்கு மேலேயே கேட்கும். உடனே இடதுபக்கம் ஒடிக்க வேண்டும். இப்படியே ஊர் வந்து சேரும். லாரி ஓடிப் பள்ளம் விழுந்த தடம் கிடைத்துவிட்டால் இன்னும் மோசம். அதற்குள் இறங்கிவிட்டு ஏற மறுக்கும்.

டயர் கடைக்காரரிடம் போனேன். “புது டயருல்ல சார். 200 கிலோமீட்டர் ஓடட்டும், செட்டாகிரும்.” அதில் பாதி உண்மை உண்டு. வார்க்கும் அச்சிலிருந்து டயர் ஒட்டாமல் கழன்று வர ஏதோ ஒரு வழுவழுப்பைப் பூசுகிறார்கள். அது தேய்ந்து போகும் வரை புது டயர் ரோட்டை முழுதாகப் பிடிக்காது. பட்டனும் உயரமாக இருப்பதால் கொஞ்சம் நெளியும். 200 முடிந்து போய்க் கேட்டேன். 500 என்றார். டயர் மொட்டையாகும் வரை இந்தக் கணக்கு நீளும் போலிருந்தது.

காற்று விஷயம் இன்னொன்று. கடைப் பையன் நாலிலும் 40 ஏற்றியிருந்தான். பார வண்டிக்குச் சரி. என் ஜீப்புக்கு அது அநியாயம். காற்று அதிகமானால் டயரின் நடுமுதுகு மட்டும் தரையில் படும், இரண்டு ஓரமும் வேடிக்கை பார்க்கும். ஒன்பதே கால் அங்குலத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நாலு அங்குலத்தில் ஓட்டுவானேன்? இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. டயரின் குறுக்கே சாக்பீஸால் பட்டையாக ஒரு கோடு இழுத்துவிட்டு, கொஞ்ச தூரம் நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம்; ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. காலையில் டயர் சூடேறுவதற்கு முன் 28-க்கு இறக்கினேன். நெளிவு பாதி அடங்கியது. மீதிப் பாதிக்குத்தான் ஊரே திரண்டது.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். டீ கொடுத்தாலே பில் பெரிது என்று அர்த்தம். சிவப்பும் பச்சையுமாக ஒரு தாளை நீட்டி, “கேம்பர் ரெட்டுல இருக்கு சார், பின்சக்கரமும் லேசா அவுட்” என்றார்கள். என் ஜீப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே தண்டாக அச்சு. இதில் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்பதை, திருகிச் சரிசெய்ய இடமே கிடையாது. திருக முடிவது டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, ஒன்றுதான். ஆனாலும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்தே பில் போட்டார்கள். போகிற போக்கில் ஸ்டியரிங் பாக்ஸின் மேல் திருகாணியையும் ஒரு இறுக்கு இறுக்கிவிட்டார்கள். விளைவு, வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதை நிறுத்திக்கொண்டது. உத்தமனாக இருந்த மலையிலும் இப்போது மல்லுக்கட்டு.

ஒருநாள் இரவு, செக்போஸ்ட்டில் கை காட்டி நிறுத்தினார் ஒரு ஏட்டு. தூரத்திலிருந்தே நான் வந்த அழகைப் பார்த்திருக்கிறார். “ஊதுங்க.” ஊதினேன். கருவி சுத்தமாக 0 காட்டியது. இன்னொரு தரம் ஊதச் சொன்னார். அதற்கும் 0. ஏமாற்றமாக இருந்திருக்கும், டார்ச்சை என் முகத்திலிருந்து எடுத்து வண்டிக்கு அடியில் அடித்தார். “டை ராட் எண்டு போயிருக்கு சார். எங்க பழைய டிபார்ட்மெண்ட் ஜீப்பு இதே மாதிரிதான் ஆடும்.” இத்தனை பேரில் எதையும் விற்க வேண்டிய அவசியம் இல்லாமல் பேசியவர் அவர் ஒருவர்தான். அதனால் நம்பினேன்.

மறுநாள் போடியில் பழைய மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். தோட்டத்து ஜீப்புகளோடு முடி நரைத்தவர். என்னை சீட்டில் உட்காரவைத்து, “ஸ்டியரிங்கத் திருப்பாதீங்க சார். சும்மா அங்கிட்டும் இங்கிட்டும் லேசா ஆட்டுங்க” என்று சொல்லிவிட்டு அடியில் படுத்தார். ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியுமாம். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். டக் டக் என்றது. பையனை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். அப்போதும் டக் டக். “பிரேக்கு புடிச்சா நின்னுச்சுன்னா வீல் பேரிங்கு. இது நிக்கல. கிங் பின்னு.”

“டயர் மாத்துறதுக்கு முன்னாடி நல்லாத்தானே அண்ணே ஓடுச்சு?”

“அப்பவும் லூசுதான். ஒல்லி டயரு, வெளிய சொல்லல. இது அகலம், ரிம்மு வேற வெளிய தள்ளி நிக்குது. ஒவ்வொரு கல்லும் சக்கரத்தப் புடிச்சுத் திருகுதுல்ல?”

இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் எண்டுகளும், சக்கரம் திரும்ப அச்சாணியாக இருக்கும் கிங் பின்னின் பேரிங்குகளும் புதிதாயின. பாக்ஸ் திருகாணி பழைய இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் டோ பார்த்தார். மூட்டுகளில் தொளதொளப்பை வைத்துக்கொண்டு அளந்தால் அளக்கிற நேரத்துக்கு மட்டும்தான் அது சரி. கம்ப்யூட்டர் தாளின் கதை அதுதான். சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஓர் ஆணியை அசையாமல் பிடித்து டயரின் நடுவில் கோடு கீறினார். இரண்டு டயர் கோடுகளுக்கும் இடையே முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு, சாதாரண டேப்பில். முன்பக்கம் கொஞ்சம் விரிந்திருந்தது. அதாவது இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசையில் ஊர்போக நினைத்திருக்கின்றன. முன்பக்கம் 2 மில்லிமீட்டர் குறுகலாக வரும்வரை டை ராடைத் திருகினார்.

கடைசியாக, “முன்னச்சுக்கு ஆப்பு வைக்கணும் சார்” என்றார்.

“எனக்கு ஏற்கெனவே எல்லாரும் வெச்சிட்டாங்கண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அதன் முன் போர்க் சாய்வாக இருப்பதும் ஒரு காரணம். ஜீப்பின் கிங் பின்னுக்கும் அப்படிப் பின்பக்கமாக ஒரு சாய்வு உண்டு. வில்லிஸ் காலத்தில் அது 3 டிகிரி. அது அந்தக் கால டயருக்குப் போட்ட கணக்கு, ரேடியலுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். என் வண்டியிலோ ஸ்பிரிங் பட்டை தளர்ந்து அந்த மூன்றும் குறைந்திருக்கிறது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே சாய்வான இரும்புத் துண்டைக் கொடுத்து இறுக்கினார்.

தேனி ரோட்டில் அவரே பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அறுபது. எழுபது. கையை லேசாக எடுத்தேன். வண்டி கோடு போட்ட மாதிரி போனது. ஆனால் நேராகப் போகையில் ஸ்டியரிங் மட்டும் கால்வாசி வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

“என்னண்ணே, ஸ்டியரிங் கோணலா நிக்குது?”

“வண்டி நேராப் போகுதா?”

“போகுது.”

“அப்ப ரோட்டப் பாத்து ஓட்டுங்க சார், ஸ்டியரிங்க எதுக்குப் பாக்குறீங்க?”