சிவப்பு ஏன் மங்குகிறது?

எனக்குத் தைராய்டு உண்டு. கண்ணாடிக் கடையில் கண் அழுத்தம் 26 என்றார்கள். குளுக்கோமாதானே டாக்டர்?
- வாசகி, ஜாசின்

அதற்குள் முடிவு கட்டாதீர்கள் அம்மா. 10 முதல் 21 வரை வழக்கமான அளவு, 26 கூடுதல்தான். ஆனால் தைராய்டு கண்நோயில் விழியை அசைக்கும் தசைகள் வீங்கி இறுகிவிடும், பெரும்பாலும் கீழ்த்தசை முதலில். அது இறுகியிருக்கும்போது மேலே பார்த்தால் விழி நெரிபடும், அளவும் ஏறும். நேராகப் பார்த்து ஒருமுறை, சற்றே கீழே பார்த்து ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். குறைந்தால் அந்த 26-இல் தசைக்கும் பங்குண்டு. அதற்காகக் குளுக்கோமா இல்லையென்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே கண்ணில் இருக்கலாம்.

தைராய்டுக்கு மருந்து சாப்பிடும் என் அக்கா, குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்தும் போடுகிறார். இப்போது சிவப்புச் சேலை ஒரு கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகிறதாம். அடுத்த மாத அப்பாயின்மென்ட் வரை காத்திருக்கலாமா?
- வாசகர், மெர்லிமாவ்

கூடாது. இன்றே மலாக்கா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

குளுக்கோமா ஓரப் பார்வையிலிருந்து திருடும் நோய். நடுப்பார்வையையும் நிறத்தையும் பெரும்பாலும் கடைசிவரை விட்டுவைக்கும். அதனால்தான் பலருக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை. தைராய்டில் கதை வேறு. வீங்கிய தசைகள் கண்குழியின் பின்கோடியில், இடம் மிகக் குறுகலான அந்த மூலையில், பார்வை நரம்பை நெருக்குகின்றன. அப்போது நிறம்தான் சீக்கிரம் மங்கும், சிவப்பு முன்னால். நடுப்பார்வையோ கீழ்ப்பக்கமோ கலங்கும்.

டாக்டர் கண்ணுக்குள் பார்க்கும்போது, குளுக்கோமா என்றால் நரம்பின் தலையில் உள்ள குழி பெரிதாகியிருக்கும். நெருக்கத்தில் அந்தத் தலை வீங்கியிருக்கலாம். ஒரு குறையும் இல்லாததுபோலவும் இருக்கலாம். ஏமாறும் இடம் இதுதான். ஆகவே நிறப் பரிசோதனை, வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்கும் விதம், பார்வைப் புலப் பரிசோதனை, சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லாம் சேர்ந்துதான் தீர்ப்புச் சொல்லும்.

நெருக்கம்தான் என்று உறுதியானால் ரத்தக்குழாய் வழியாக ஸ்டீராய்டு ஏற்றுவார்கள். ஓரிரு வாரத்தில் பலன் இல்லையென்றால், கண்குழியின் எலும்புச் சுவரைத் திறந்து இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சை. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். அக்காவுக்குக் குளுக்கோமா இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா?
- வாசகி, மஸ்ஜித் தானா

சிவப்பு மூடி ஒன்றை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மறு கண்ணை. ஒரு பக்கம் வெளுத்துத் தெரிந்தால் உடனே கிளம்புங்கள். இரண்டு கண்ணும் சமமாக மங்கியிருந்தால் இந்தச் சோதனை கைகொடுக்காது. அதனால் சரியாகத் தெரிகிறது என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்குக் கண் பிதுங்கவே இல்லை. நரம்புக்கு ஆபத்தில்லை, அல்லவா?
- வாசகர், அலோர் காஜா

அப்படி நம்பித்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். வீக்கம் முன்னால் தள்ள வழியில்லாதபோது நரம்பின்மேல்தான் ஏறும்.

சிகரெட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர், பெம்பான்

நெருங்கிய சம்பந்தம். தைராய்டுக்காரர் புகைத்தால் கண்நோய் வரும் வாய்ப்பும் கூடும், கடுமையும் கூடும், மருந்தின் பலனும் குறையும். கதிரியக்க அயோடின் எடுப்பவர்களில் புகைப்பவர்களுக்குக் கண் மோசமாகும் ஆபத்து அதிகம். தம்பி, இன்றைக்கே நிறுத்துங்கள்.

பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றவன் நான். தைராய்டுக்கு ஓரிடம், கண்ணுக்கு ஓரிடம். என்னென்ன கொண்டு போக வேண்டும்?
- வாசகர், டுரியான் துங்கால்

ரத்தப் பரிசோதனைத் தாள்கள், கண் அழுத்தம் எழுதிய தாள், சாப்பிடும் மருந்துகள் எல்லாம் அவற்றின் பைகளோடு. முகம் தெளிவாகத் தெரியும் பழைய புகைப்படம் ஒன்றும் இருக்கட்டும், ஐயா. இமையும் விழியும் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று அதை வைத்து டாக்டர் ஒப்பிடுவார். அரசாங்க கிளினிக்கில் லெட்டர் எழுதும்போது ‘கண் அழுத்தம்’ என்பதோடு ‘தைராய்டு’ என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.